ஏற்க ஒன்றை அழுத்தவும்

ஜூன் 3, செவ்வாய்

இன்று கணவாயில் தக்காளி லாரி கவிழ்ந்தது. ரோடு முழுக்கச் சிவப்பு. எது தக்காளி, எது காளியப்பன் வாய் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

லாரி டிரைவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. கண்ணாடி வழியாக ஏறி வெளியே வந்து, ஓரமாக உட்கார்ந்து என்னிடம் பீடி கேட்டார். லாரியைத் தூக்க எங்கள் கிரேனுக்குத்தான் இன்சூரன்ஸ் கம்பெனி ஆர்டர் கொடுத்திருந்தது. என் மகள் தமயந்தியும், கிரேன் ஓட்டும் மாதையனும் கிளம்பினார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்து என்ன செய்வது என்று நானும் தொற்றிக்கொண்டேன். போய்ப் பார்த்தால் எங்களுக்கு முன்னால் தீர்த்தகிரி கொக்கியை மாட்டிவிட்டு நிற்கிறான்.

தீர்த்தகிரி என் மச்சான். செத்துப்போன என் பெண்டாட்டிக்குத் தம்பி. தமயந்திக்குக் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொண்ட தாய்மாமன். கணவாய்க்கு மேலே என் பட்டறை, கீழே அவன் பட்டறை. நடுவில் வண்டிகள் விழும். எங்கள் இரண்டு குடும்பமும் அதில்தான் சோறு சாப்பிடுகிறோம்.

இந்த ரோட்டில் ஒரு முறை உண்டு. விழுந்த வண்டியில் யார் முதலில் கொக்கி போடுகிறாரோ அவருக்குத்தான் வண்டி. ஆனால் கொக்கி போட்டவர் உள்ளே மாட்டியிருக்கிற ஆளை முதலில் வெளியே எடுக்க வேண்டும். ஆளை விட்டுவிட்டு வண்டியைத் தூக்கினால் அப்புறம் இந்த ரோட்டில் அவருக்கு டீகூடக் கிடைக்காது. நானும் அந்த முறையில் கிரேன் ஓட்டியவன்தான்.

"மாமா, கொக்கி நம்மளுது. பொண்ணைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போங்க" என்றான் தீர்த்தகிரி.

"கொக்கி உன்னுதுதான் மச்சான், யாரு இல்லேன்னா? கழட்டிக் கொண்டுபோய் கறிக்கடையில மாட்டிக்க. லாரி எங்க ஆர்டரு" என்றேன்.

நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது என்று தமயந்தி பிறகு சொன்னாள். இருக்கலாம். அவன் ஆள் காளியப்பன் சங்கிலியைச் சுழற்றி மாதையன் காதில் விட்டான். காது பாதி கிழிந்து தொங்கியது. தமயந்தி கிரேனிலிருந்து வீல் ஸ்பேனரோடு குதித்து, காளியப்பன் முகத்தில் ஒரே போடு போட்டாள். முன்பல் இரண்டும் தக்காளிக்குள் விழுந்தன. அவன் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். நான் குனிந்து தேடிப் பொறுக்கிக் கொடுத்தேன். அதில் ஒன்று தக்காளிக் காம்பு.

லாரியைத் தீர்த்தகிரியே தூக்கிக்கொண்டு போனான்.

ஜூன் 4, புதன்

மாதையன் காதுக்குத் தையல். தொங்குகிற இடத்தைப் பார்த்து, "கம்மல் போட்டுரலாம்டா, நல்லாருக்கும்" என்றேன். தமயந்தி முறைத்தாள்.

ஆர்டர் நம்மிடம் இருந்தும் ஏன் இந்தச் சண்டை என்று கேட்டேன். அவள் சொன்னதை எனக்குப் புரிந்தமட்டில் எழுதுகிறேன்.

கம்ப்யூட்டருக்குள் ஒரு பொதுப் பதிவேடு இருக்கிறது. கடைத்தெரு மாதிரி. ஒவ்வொரு தொழில்காரரும் அதில் போர்டு மாட்டுகிறார்: நான் யார், என்ன வேலை செய்வேன், எந்த ஊரில் செய்வேன், என்னைக் கூப்பிட எந்தக் கதவைத் தட்ட வேண்டும். அந்தத் தெருவில் மனுஷர் நடப்பதில்லை. கம்ப்யூட்டர்கள்தான் நடக்கின்றன. கணவாயில் வண்டி விழுந்ததும் இன்சூரன்ஸ் கம்பெனியின் கம்ப்யூட்டர் போய், "இங்கே கிரேன் யாரிடம் இருக்கிறது?" என்று கேட்கும். பதிவேடு எங்கள் பேரைக் காட்டும். அது வந்து எங்கள் கம்ப்யூட்டரைத் தட்டி, "சும்மா இருக்கிறீர்களா?" என்று விசாரிக்கும். எங்களுடையது, "இருக்கிறோம்" என்று சொல்லும். ஆர்டர் முடிந்தது. ஒருத்தருக்கும் வாய் வலிக்காது.

"எங்கேயோ பம்பாயில இருக்கிற கம்பெனிக்கு நம்ம பட்டறை இருக்கிறதே தெரியாதுப்பா. பதிவேட்டுல போட்டதாலதான் நம்மளைத் தேடிக் கண்டுபிடிக்குது. இங்க மாமா போலீஸ்காரரையும் டீக்கடைக்காரரையும் கையில வெச்சுக்கிட்டு எல்லா வண்டியையும் எடுத்துக்கிட்டாரு. இனி அது நடக்காது."

"உங்க மாமன் பதிவேட்டுல இல்லையா?"

"அவரு எங்க போடுவாரு? கம்ப்யூட்டர்காரன்கிட்ட நான் போய் நிக்கணுமாங்கிறாரு."

கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ளாதவர் போன் நம்பர் கொடுத்தாலும் போதுமாம். ஒரு குரல் கூப்பிட்டுக் கேட்குமாம், வேண்டுமென்றால் ஒன்றை அழுத்த வேண்டுமாம். இதை ஏன் இவ்வளவு விவரமாக எழுதினேன் என்று தெரியவில்லை.

எங்கள் கிரேனிலும் கம்பெனிக்காரர்கள் ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறார்கள். வண்டி இடித்தாலோ சாய்ந்தாலோ அதுவே கம்பெனிக்குச் சொல்லிவிடும்.

ஜூன் 7, சனி

தமயந்தி தர்மபுரி போயிருந்தாள். கம்ப்யூட்டர் திறந்தே கிடந்தது. நான் அதன் பக்கமே போகவில்லை. நாள் முழுக்க வெங்காயம் நறுக்கினேன்.

ஜூன் 9, திங்கள்

மாதையன் டீக்கடையில் கேட்டு வந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். காதுத் தையல் இழுக்கிறது, ஆனாலும் விடவில்லை.

தீர்த்தகிரிக்கு ஒரு பெண் ஓயாமல் போன் செய்கிறாளாம். "வணக்கம். தாங்கள் பதிவு செய்துள்ள நாய் கருத்தடைச் சேவைக்கு ஒரு கோரிக்கை வந்துள்ளது. ஏற்க ஒன்றை அழுத்தவும்." இவன் அவளுடைய அம்மா, ஆத்தா எல்லாரையும் இழுத்துத் திட்டியிருக்கிறான். அவள் கோபப்படாமல், "தங்கள் பதில் புரியவில்லை" என்றாளாம். அடுத்து கல்யாணப் பந்தல். அப்புறம் செப்டிக் டேங்க். அப்புறம் ஓசூரிலிருந்து நாற்பது ஆடு ஏற்ற முடியுமா என்று. ஒரு சாவு வீட்டில் துக்கம் விசாரித்துக்கொண்டிருக்கும்போது, ஐஸ் பெட்டி வேண்டும் என்று கூப்பிட்டிருக்கிறாள். சாவு வீட்டுக்காரர்கள், "எங்களுக்கும் சொல்லியிருக்கலாமே" என்று கோபித்துக்கொண்டார்களாம்.

யாரோ அவன் பேரைப் பதிவேட்டில் போட்டு, இருக்கிற வேலை எல்லாவற்றுக்கும் டிக் அடித்திருக்கிறார்கள். கிரேனுக்கும் சேர்த்து. போட்டால் அவன் போனுக்கு ஒரு நம்பர் வரும், அதைச் சொன்னால்தான் பதிவாகும். சனிக்கிழமை யாரோ கேஸ் கம்பெனியிலிருந்து கூப்பிடுவதாகச் சொல்லி, மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசி அந்த நம்பரை வாங்கியிருக்கிறான். எவ்வளவு கெட்ட உலகம்.

தமயந்தி என்னைப் பார்த்தாள்.

"என்ன பாக்கற? நான் அன்னைக்கு வெங்காயம் நறுக்கிட்டிருந்தேன்."

"வீட்டுல வெங்காயமே இல்லையேப்பா."

"நறுக்கித் தீத்துட்டேன்."

ஜூன் 12, வியாழன்

மத்தியானம் வந்தார்கள். ஐந்தாறு பேர். காளியப்பன் வாய் வீங்கிப்போய் முன்னால் நடந்து வந்தான், கையில் இரும்புக் குழாய்.

முதலில் தண்ணீர் டிரம்மை உடைத்தார்கள். நாற்காலிகளை உடைத்தார்கள். எங்கள் நாய் மேனேஜர் குரைத்தது. அதை உதைத்த உதையில் சுவரில் மோதி விழுந்தது. தீர்த்தகிரி ஆபீசுக்குள் நுழைந்து கம்ப்யூட்டரைத் தலைக்கு மேலே தூக்கினான்.

"அதை உடைச்சீங்கன்னா உங்க பேரை எடுக்க முடியாது மாமா" என்றாள் தமயந்தி.

குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி மெதுவாக வைத்துவிட்டான்.

"எவன் போட்டான்?"

நான் சுவரோரம் நின்றிருந்தேன். தமயந்தி வாயைத் திறக்கும் முன்னால் மாதையன், "நான்தான் போட்டேன்" என்றான். அவனுக்குத் தன் பேரையே கம்ப்யூட்டரில் அடிக்கத் தெரியாது. தீர்த்தகிரிக்கும் அது தெரிந்திருக்கும். ஆனால் அடிக்க வந்தவனுக்கு ஒரு ஆள் வேண்டும்.

இரண்டு பேர் மாதையனை மேஜையில் குப்புறச் சாய்த்து வலது கையை நீட்டிப் பிடித்தார்கள். காளியப்பன் குழாயை ஓங்கினான். முதல் அடியில் ஒடியவில்லை. மாதையன் சத்தம் போடவில்லை, உதட்டைக் கடித்தான், மேஜையில் ரத்தம் சொட்டியது. இரண்டாவது அடியில் கேட்ட சத்தத்தை எழுத வேண்டாம். தமயந்தி ஓடினாள், ஒருத்தன் அவள் முடியைப் பிடித்து இழுத்துச் சுவரில் சாத்தினான். "அவளைத் தொடாதீங்கடா" என்று தீர்த்தகிரி கத்தினான்.

நான் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முட்டி வலி.

அந்த நேரம் பார்த்துத் தீர்த்தகிரி போன் அடித்தது. அதே பெண். எல்லாருக்கும் கேட்டது. "தாங்கள் பதிவு செய்துள்ள கிரேன் சேவைக்கு ஒரு கோரிக்கை வந்துள்ளது. இடம், கணவாய் மூன்றாம் வளைவு. ஏற்க ஒன்றை அழுத்தவும்." தீர்த்தகிரி போனைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். ஒன்றை அழுத்தினான்.

பேரை எடுக்கவில்லை. போய்விட்டான்.

ஜூன் 14, சனி

மாதையனுக்குக் கையில் தகடு வைத்திருக்கிறார்கள். ஆட்டுக்கால் சூப் வைத்து நானே ஊட்டுகிறேன். இவன் சாப்பிடுவதைப் பார்க்கப் பிடிக்கும், வேறு ஒன்றுமில்லை.

"நீங்க வாயைத் தொறந்திருந்தா உங்க இடுப்பை ஒடிச்சிருப்பானுங்க பெரியவரே. என் கை ஒட்டிக்கும்" என்றான்.

எதைச் சொல்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. சூப்பில் உப்பு கம்மி.

ஜூன் 15, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. கொசு.

ஜூன் 17, செவ்வாய்

எங்கள் கிரேன் நிற்கிறது. பதிவேட்டில் தமயந்தி 'வண்டி இல்லை' என்று போட்டுவிட்டாள். கணவாயில் கிரேன் என்று கேட்டால் இப்போது மச்சான் பேர் ஒன்றுதான் வருகிறது. ஒன்றை அழுத்தக் கற்றுக்கொண்டுவிட்டான். சிரித்துக்கொண்டே அழுத்துகிறானாம். டீக்கடையில், "எந்தப் புண்ணியவான் போட்டானோ, அவனுக்கு ஒரு வேட்டி எடுத்துக் குடுக்கணும்" என்றானாம்.

வேட்டி என்ன கரை என்று விசாரிக்கச் சொல்லி மாதையனை அனுப்பப் பார்த்தேன். போக மாட்டேன் என்கிறான்.

ஜூன் 19, வியாழன்

தமயந்தி தானே கிரேன் ஓட்டப் போகிறாள். லைசென்ஸ் இருக்கிறது. தெரியும். ஆனால் இந்தக் கணவாயில் ஒரு பெண் கிரேன் ஓட்டி யாரும் பார்த்ததில்லை.

"வேண்டாம்" என்றேன்.

"வேற ஆளு யாரு வருவான்? கை ஒடிஞ்ச கதை ஊருக்கே தெரியும். பட்டறையை மூடிட்டு உங்களோட உக்காந்து வெங்காயம் நறுக்கட்டுமா?"

வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடியது அவளுக்கே ஆச்சரியம்.

நாளைக்குக் காலையில் பதிவேட்டில் 'தயார்' என்று மாற்றுவாளாம். இதுவரை யாருக்கும் சொல்லவில்லை. மேனேஜர் இன்று ஒரு தடவைகூடக் குரைக்கவில்லை. கிரேனுக்குப் பக்கத்தில் கறி எலும்பு கிடந்தது. யாரோ நல்ல கறியாகப் போட்டிருக்கிறார்கள். நாய்க்கு வந்த யோகம்.

ஜூன் 20, வெள்ளி

எழுத முடியாது இன்று.

ஜூன் 24, செவ்வாய்

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். மாதையன் டீ வாங்கப் போயிருக்கிறான், இடது கையில்.

வெள்ளிக்கிழமை 'தயார்' என்று போட்டதுமே ஆர்டர் வந்தது. கணவாய்க்குக் கீழே ஒரு கார் நின்றுவிட்டது, இழுத்து வர வேண்டும். தமயந்தி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். "டாட்டா காட்டுங்கப்பா" என்றாள். நான் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டர் கத்தியது. நான் போய்ப் பார்த்தேன். எங்கள் கிரேன் நம்பர். பலத்த மோதல். வண்டி கவிழ்ந்துள்ளது. கணவாய் ஐந்தாம் வளைவு. அதற்குக் கீழே, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வரி வரியாக வந்தது. ஆம்புலன்சுக்குத் தகவல் அனுப்பப்பட்டது. அருகில் உள்ள சேவை தேடப்படுகிறது. ஒரு சேவை கிடைத்தது.

'தீர்த்தகிரி. நாய் கருத்தடை, கல்யாணப் பந்தல், ஐஸ் பெட்டி, செப்டிக் டேங்க், ஆடு ஏற்றுதல், கிரேன். கோரிக்கை ஏற்கப்பட்டது.'

மாதையனைப் பின்னால் உட்கார வைத்து மொபெட்டை விட்டேன்.

கிரேன் பாறையில் மோதி ரோட்டில் பக்கவாட்டில் படுத்திருந்தது. பின் சக்கரங்கள் பள்ளத்துப் பக்கம் வெளியே தொங்கின. பிரேக் பிடிக்காமல் எதிரே பஸ் வந்ததும் அவளே பாறைப் பக்கம் ஒடித்திருக்கிறாள். பஸ்ஸிலிருந்து இறங்கிய சனம் தூரத்தில் நின்று செல்போனில் படம் பிடித்தது. தீர்த்தகிரி எங்களுக்கு முன்னால் வந்துவிட்டான். அவன் கொக்கி எங்கள் வண்டியில் மாட்டியிருந்தது. வண்டி பள்ளத்தில் சரியாமல் அவன் கம்பிதான் பிடித்துக்கொண்டிருந்தது. யாருடைய வண்டி என்று தெரியாமல்தான் வந்திருக்கிறான். நம்பர் பிளேட்டைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டதாகப் பஸ் கண்டக்டர் சொன்னார்.

நான் போனபோது அவன் உடைந்த கண்ணாடி வழியாக உள்ளே பாதி நுழைந்திருந்தான். தமயந்தி குரல் கேட்டது.

"பிரேக் இல்ல மாமா. பிரேக்கே இல்ல."

"பேசாத கண்ணு. மாமன் வந்துட்டேன்."

டேஷ்போர்டு மடங்கி அவள் இடது காலை முழங்காலுக்குக் கீழே கவ்வியிருந்தது. ரத்தம் கதவு இடுக்கு வழியாகச் சொட்டியது. அவள் முகம் தாள் மாதிரி வெள்ளை.

அப்போது வண்டி ஒரு முழம் பள்ளத்துப் பக்கம் நழுவியது. தமயந்தி அலறினாள். தீர்த்தகிரி கண்ணாடியில் இடுப்பு அறுபட வெளியே வந்து திரும்பிப் பார்த்தான். அவன் கிரேனில் லீவர் அருகே உட்கார்ந்திருந்தவன் காளியப்பன். கம்பியைத் தளர்த்தியது அவன்தான்.

"கை தவறிடுச்சுண்ணா" என்றான் பல்லில்லாத வாயால். பார்க்கிறவர் யாரும் அதை நம்பியிருக்க மாட்டார்கள்.

தீர்த்தகிரி இறங்கும்போது எங்கள் வண்டியின் அடிப்பாகம் அவன் கண்ணுக்கு நேராக இருந்தது. படுத்த வண்டிக்கு ஒளிவு மறைவு ஏது. பிரேக் ஆயில் பைப்பில் ரம்பத்தால் பாதிக்கு அறுத்த தழும்பு புதுசாக மின்னியது. பாதி அறுத்தால் பட்டறையில் ஒரு சொட்டு ஒழுகாது. இறக்கத்தில் ஓங்கி மிதிக்கும்போதுதான் வெடிக்கும்.

"ஆயிலை வடிய உட்டு வண்டியை நிறுத்துன்னுதானடா சொன்னேன்" என்றான் தீர்த்தகிரி. "முழுசா அறுக்கத்தானடா சொன்னேன்."

எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

காளியப்பன் கிரேனை விட்டு இறங்கி ஓடப் பார்த்தான். தீர்த்தகிரி கடப்பாரையை வீசினான். அது தொடையில் பட்டு அவன் விழுந்தான். அப்புறம் சங்கிலியை எடுத்து அடித்தான். முகத்தில், கையில், மறுபடி முகத்தில். தாடை ஒரு பக்கமாகப் போனது. பஸ் சனம் படம் பிடிப்பதை நிறுத்திவிட்டுப் பின்வாங்கியது. காளியப்பன் ரோட்டில் தவழ்ந்துபோய்ப் பாறையோரம் சுருண்டான்.

லீவரில் ஆளில்லை. எங்கள் வண்டி மெல்ல முனகிக்கொண்டே நழுவப் பார்த்தது.

"மாமா, உக்காருங்க" என்றான் தீர்த்தகிரி.

நான் ஏறி உட்கார்ந்தேன். கிரேனை விட்டு எவ்வளவோ காலமாயிற்று, ஆனால் கம்பி விறைப்பதைக் கை மறக்கவில்லை. அவன் மறுபடி உள்ளே போனான். "கொஞ்சம் மாமா" என்பான், கொஞ்சம் இழுப்பேன். "போதும்" என்பான், நிறுத்துவேன். சிறு வயசில் அவனும் நானும் இப்படித்தான் வேலை செய்தோம். அப்போது அவன் கீழே, நான் மேலே. கடப்பாரையால் டேஷ்போர்டை நெம்பி நெம்பி அவளை வெளியே எடுத்தான். கால் அவளோடு சேர்ந்துதான் வந்தது, ஆனால் அதைக் கால் என்று சொல்ல முடியாது. தன் சட்டையைக் கிழித்து மேலே இறுக்கிக் கட்டினான். ஆம்புலன்ஸ் வந்தது. மாதையன் அவளோடு ஏறிப் போனான். காளியப்பனையும் அதிலேயே போட்டார்கள். அவள் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். இன்னொரு வண்டி இல்லையாம்.

பஸ்ஸும் போய்விட்டது. நானும் மச்சானும் மட்டும். எங்கள் கிரேனை ரோட்டுக்கு இழுத்துப் போட்டாயிற்று. கொக்கியைக் கழற்ற வேண்டும். அவன் மண்டியிட்டு வலது கையை எங்கள் வண்டியின் இரும்புச் சட்டத்தின் மேலே ஊன்றிக்கொண்டு, இடது கையால் சங்கிலியை விடுவித்தான்.

"உசுரு இருக்குது மாமா. பொழைச்சுக்குவா" என்றான் நிமிர்ந்து பார்க்காமல். "கொக்கியைக் கொஞ்சம் மேல தூக்குங்க."

தூக்கினேன். கொக்கியும் கம்பி ஓடுகிற அதன் உருளைக்கட்டையும் சேர்ந்து ஒரு எருமைக்கன்று கனம் இருக்கும். அவன் கைக்கு நேர் மேலே ஆடியது.

எப்படி விழுந்தது என்று எனக்குத் தெரியாது. லீவரில் எண்ணெய்ப் பிசுக்கு. நான் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 26, வியாழன்

இந்த ஆஸ்பத்திரியில் எங்கள் குடும்பத்துக்கென்றே தனி வார்டு கேட்கலாம் என்றிருக்கிறேன். தமயந்திக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தீர்த்தகிரிக்கு மணிக்கட்டுக்குக் கீழே. காளியப்பன் வாயைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், குழாய் வழியாகக் கஞ்சி குடிக்கிறான்.

போலீஸ் வந்தார்கள். பிரேக் பைப் அறுக்கப்பட்டிருப்பதைப் பார்த்துவிட்டார்கள். யார் அறுத்தது என்று கேட்டதற்குக் காளியப்பன் கையைத் தூக்கித் தீர்த்தகிரி படுத்திருந்த பக்கம் காட்டினான். தீர்த்தகிரி, "நான்தான் சொன்னேன்" என்றான், ஒளிக்கவில்லை. உடம்பு தேறியதும் இரண்டு பேரையும் கூட்டிப்போவார்கள். வாசலில் ஒரு போலீஸ்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"உங்க கைக்கு என்னாச்சு?" என்று அவனைக் கேட்டார்கள்.

"கொக்கி நழுவிருச்சு சார்" என்றான். என்னைப் பார்க்கவில்லை.

ஜூலை 3, வியாழன்

தமயந்தி முழித்திருந்தாள். மடியில் கம்ப்யூட்டர்.

"என்ன பண்ற?"

"நம்ம வண்டியைப் பதிவேட்டுலருந்து எடுக்கறேன். இல்லாத வண்டியைப் போட்டு வெச்சா, விழுந்து கெடக்கறவன் நம்மளை நம்பிக் காத்துக்கிட்டு இருப்பான்."

"உன் மாமன் பேரு?"

"அது அவரு நம்பருப்பா. அவருதான் எடுக்கணும்." கம்ப்யூட்டரை மூடினாள். "அது மட்டும் அதுல இல்லாம இருந்திருந்தா அன்னைக்கு அடுத்த கிரேன் கிருஷ்ணகிரியிலருந்து வந்திருக்கணும். அதுக்குள்ள நானும் வண்டியும் பள்ளத்துல."

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"அது மட்டும் அதுல இல்லாம இருந்திருந்தா மாதையன் அண்ணன் கையும் நல்லா இருந்திருக்கும்" என்றாள். "நானும் கிரேனை ஓட்டிக்கிட்டு போயிருக்க மாட்டேன்."

நர்ஸ் வந்து பார்வையாளர் நேரம் முடிந்தது என்றாள். நல்ல பெண்.

ஜூலை 9, புதன்

இன்று காலை ஆண்கள் வார்டுக்குப் போனேன். மச்சானுக்கு மாதுளம்பழம் வாங்கிப் போனேன். ஒரு கையால் உரிக்க முடியாது என்று தெரிந்துதான் வாங்கினேன். நானே உரித்து அவன் வாயில் போட்டேன். இந்த மாதம் எனக்கு ஊட்டுகிற வேலை.

"மாமா" என்றான். "என் பேரை அந்தப் பதிவேட்டுல போட்டது யாரு?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் அன்னைக்கு வெங்காயம் நறுக்கிட்டிருந்தேன்."

தலையாட்டினான். நான் இன்னும் நாலு முத்துப் போட்டேன். மென்று விழுங்கினான்.

"கொக்கி விழுந்தப்ப?"

போலீஸ்காரர் வாசலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"அப்பவும் வெங்காயம்தான்டா மச்சான்."

அவன் என்னையே பார்த்தான். கட்டுப் போட்ட மொட்டைக் கையை நெஞ்சின் மேல் எடுத்து வைத்துக்கொண்டான். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "கண்ணு எரிஞ்சிருக்குமே மாமா" என்றான். உண்மையில் எரிந்தது.

அப்போது தலையணைக்கு அடியில் அவன் போன் அடித்தது. அவன் கை அந்தப் பக்கம் எட்டவில்லை. நான் எடுத்தேன்.

"வணக்கம். தாங்கள் பதிவு செய்துள்ள கிரேன் சேவைக்கு ஒரு கோரிக்கை வந்துள்ளது. இடம், கணவாய் இரண்டாம் வளைவு. வண்டிக்குள் ஆள் உள்ளார். ஏற்க ஒன்றை அழுத்தவும்."

"பேசாம உட்டுருங்க மாமா" என்றான். பிறகு, "என் வண்டி பட்டறையில சும்மாதான் நிக்குது" என்றான். பிறகு, "சாவி கதவு மேல, கண்ணாடிக்குப் பின்னாடி" என்றான்.

"தங்கள் பதில் புரியவில்லை" என்றாள் அந்தப் பெண்.

மாதையன் கீழே மொபெட்டில் காத்திருந்தான். அவன் வலது கை இன்னும் கட்டில். மிச்சமிருக்கும் நல்ல கைகளைக் கூட்டிப் பார்த்தேன். அவனிடம் ஒன்று, என்னிடம் இரண்டு.

ஒன்றை அழுத்தினேன்.